‘அடிப்பூச்சு’ வேண்டாம்: காரின் அடியில் அப்பிய கறுப்புக் கலவைக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பழைய கார் மறுசீரமைப்புச் சொற்பட்டியலில் ‘அண்டர்கோட்டிங்’ என்பதற்கு எதிரே ‘அடிப்பூச்சு’ என்று இருக்கிறது. மாற்றியாக வேண்டும். பிரைமரைக் குறிக்க அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. பிரைமர் என்பது மேல்பூச்சு பற்றிக்கொள்வதற்கான மெல்லிய படலம். நாம் பேசுவதோ கல்லடியையும் சேற்றுநீரையும் இரைச்சலையும் தடுக்க வண்டியின் அடியில் கனமாக அப்பும் கலவை. ‘பழைய அடிப்பூச்சை எடுத்துவிட்டுப் புதிய அடிப்பூச்சு அடிக்கவும்’ என்று கையேட்டில் வந்தால் படிக்கிறவர் எதை எடுப்பார், எதை அடிப்பார்?

‘துருக்காப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஷெவர்லே கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரை வைத்துப் பார்த்தால் அது நிற்காது. 1953இல் தொடங்கிப் பழைய கார்வெட்டுகளின் உடல் பிசினில் பதித்த கண்ணாடியிழை, சேஸி என்னும் அடிச்சட்டகம் எஃகு. கண்ணாடியிழை துருப்பிடிக்காது. ஆனாலும் சக்கர வளைவின் உட்புறம் பூச்சு வேண்டும். டயர் எற்றும் கல் உள்ளே பட்டால் வெளியே பெயின்டில் நட்சத்திரம் போல விரிசல் கிளம்பும்.

என் பரிந்துரை ‘தார்க்காப்பு’. எடுக்கும் வேலைக்குச் ‘சுரண்டல்’.

அன்புடன்,
க.

---

> என் பரிந்துரை ‘தார்க்காப்பு’.

க. ஐயா,

தார் எல்லாவற்றிலும் இல்லை. மெழுகுக் கலவை உண்டு, ரப்பர் சேர்த்தது உண்டு, பிவிசி உண்டு. எது என்று தெரியாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. மினரல் டர்பென்டைன் தொட்ட வெள்ளைத் துணியை ஓர் ஓரத்தில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் தார் பழுப்பாகத் துணியில் இறங்கும், மெழுகு வழுக்கும், ரப்பர் கலந்தது ஊதிப் பிசுபிசுக்கும், பிவிசி அசையாது. நான்கையும் அடக்க ‘அடிக்காப்பு’ போதும். அடிக்காப்புப் படலம், அடிக்காப்பு நீக்கம் என்று மேலே கட்டிக்கொண்டு போகவும் வசதி.

‘சுரண்டல்’ என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. அரசியல் வாடை ஒருபுறம் கிடக்கட்டும். எஃகுத் தகட்டில் சுரண்டலாம், கம்பிச் சக்கரம் ஓட்டலாம், மணல் பீச்சலாம். கண்ணாடியிழையில் இவை மேற்பரப்புப் பிசினைத் தின்றுவிட்டு இழையை வெளியே கொண்டுவந்துவிடும். கார்வெட்டின் தகடுகள் இரட்டை உலோக அச்சில் அழுத்தி வார்த்தவை. படகில் இருப்பதுபோல ஜெல் பூச்சு, அதாவது இழையை மூடும் தனிப் பிசின் மேற்படலம், இவற்றில் கிடையாது. அடிக்காப்புக்குக் கீழே நேராகப் பிசினும் இழையும்தான்.

உலர்பனியும் (உறைந்த கரியமில வாயு) இங்கே எடுபடாது. எஃகுத் தளத்தில் உள்ளே பரப்பி வைத்தால் −78 பாகை செல்சியஸ் குளிர் தகடு வழியே இறங்கி, படலம் மொறுமொறுப்பாகி, தட்டினால் உதிரும். கண்ணாடியிழையின் வெப்பக் கடத்தல் எஃகினுடையதில் நூறில் ஒரு பங்குகூட வராது. குளிர் கீழே போய்ச் சேராது. சேரட்டும் என்று சுத்தியலால் தட்டினால் விரிசல்தான் மிச்சம். கரியமில வாயு தரையோரம் தேங்குவதால் குழியில் படுத்து வேலை செய்பவருக்கு மூச்சுக்கும் ஆபத்து.

இங்கே நடப்பது வழித்தல். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே, ஓரடிச் சதுரமாகப் போக வேண்டும். பரப்பு 60 பாகையைத் தாண்டாமல் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்துக்கொள்ளவும். பாலியெஸ்டர் பிசின் மிகவும் சூடேறினால் இளகும். மறுபக்கம் பெயின்ட் அடித்த தகடாக இருந்தால் இழையின் தடம் அங்கே எழும்பித் தெரியும். படலம் களிப்பதத்துக்கு வந்ததும் முனை மழுக்கிய பிளாஸ்டிக் பட்டித் தகட்டைப் படுக்கையாக வைத்துத் தள்ளினால் சுருளாக வரும். இரும்புத் தகடு கையில் இருந்தால் முனை எப்போது குத்தியது என்றே தெரியாது.

மிச்சக் கறைக்கு டர்பென்டைன் நனைத்த துணி, பத்து நிமிடம், பிறகு துடைப்பு. அதற்கு முன் ஹீட் கன்னின் பிளக்கைப் பிடுங்கி வைக்கவும். கரைப்பான் ஆவியும் சூட்டுக் குழாயும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. மெத்திலீன் குளோரைடு கலந்த பெயின்ட் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பிசினையே ஊதவைக்கும்.

ஆக, ‘அடிக்காப்பு வழித்தல்’.

வே.

---

> ஆக, ‘அடிக்காப்பு வழித்தல்’.

‘அடிக்காப்பு’ சரி. ‘வழித்தல்’ பாதிதான் சரி, வே. அண்ணா.

ஐம்பது ஆண்டு காய்ந்த தார் எல்லா இடத்திலும் களிப்பதத்துக்கு வராது. புகைப்போக்கிக் குழாய்க்கு மேலே அது ஓடு போல இறுகியிருக்கும். அங்கே சூடு காட்டுவதைவிடக் குளிர்ந்த காலையில் பிளாஸ்டிக் ஆப்பை ஓரத்தில் செருகி நெம்பினால் சில்லுச் சில்லாகப் பெயரும். அது பெயர்த்தல். பிவிசியானால் தோலாகக் கிழிந்து வரும், அது உரித்தல். தலைப்புச் சொல்லாக ‘அடிக்காப்பு நீக்கம்’ இருக்கட்டும். வழித்தல், பெயர்த்தல், உரித்தல் மூன்றையும் அதன் கீழே முறைகளாகக் கொடுப்போம். எந்த முறை என்பதைப் படலத்தின் நிலைதான் சொல்ல வேண்டும்.

பதிவில் ஓர் எச்சரிக்கையும் சேர வேண்டும். பழைய அடிக்காப்புகள் சிலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடக் கூடாது. முதலில் ஈரப்படுத்தி ஒரு துண்டை மட்டும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, முடிவு தெரிந்த பிறகே மேலே போக வேண்டும். எடுப்பதையும் ஈரமாகவே எடுத்து, சில்லுகளைப் பையில் கட்ட வேண்டும். நுண்துகள் முகக்கவசம், முழுக்கைச் சட்டை, மணிக்கட்டைச் சுற்றி டேப். இழைத்தூள் தோலில் ஏறினால் அரிப்பு அன்றைக்கு அடங்காது.

தகடும் தகடும் சேரும் இடத்தில் உட்புறம் ஒட்டியிருக்கும் பட்டையையும் மறக்க வேண்டாம். அங்கே துணியை ஊறவிட்டால் கரைப்பான் இடுக்கில் இறங்கும். அந்த ஓரங்களில் சூடும் பிளாஸ்டிக் பட்டித் தகடும் மட்டுமே. 1963 முதல் வந்த பழைய கார்வெட்டுகளில் முன்கண்ணாடியைச் சுற்றி எஃகுக் கூடு ஒன்று உள்ளே இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் அடிக்காப்பை எடுக்கும்போது துரு வெளிப்பட்டால் கண்ணாடியிழை வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இழை வெளியே தெரிந்த இடங்களுக்கு எபாக்சி பிசினைத் தூரிகையால் மெல்லத் தேய்த்து இழையை மூடிய பிறகே பிரைமர். இந்த ‘இழை வெளிப்படல்’ என்பதையும், அந்த ‘ஒட்டுப்பட்டை’யையும் தனித்தனிப் பதிவாக நாளை அனுப்புகிறேன். ஒட்டுப்பட்டைக்கு வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதற்குள் எழுதவும்.

ம.