ஆடுற சிலிண்டர் எஞ்சின் சுத்த மாட்டேங்குது, யாராச்சும் உதவுங்க

சிப்புட்_பையன்:
அண்ணன்மாரே, அவசரம். லேத் பழக சின்ன எஞ்சின் ஒன்னு செஞ்சேன், காத்துல ஓடுறது. கம்ப்ரசர மாட்டுனா ஸ்ஸ்னு சத்தம்தான், சக்கரம் லேசா உதறிட்டு நின்னுடுது. சனிக்கிழமை சிக்குகிட்ட (வாத்தியார்கிட்ட) காட்டணும். என்ன பண்றது?

செம்பனைக்காடு:
காத்தோட அழுத்தம் எத்தனை பார்? சிலிண்டர் எதுல கடைஞ்சே? ஓட்டை என்ன சைஸ்? படம் போடு தம்பி.

கனச்சக்கரம்:
ஃப்ளைவீல் (சுத்துற சக்கரம்) கனம் பத்தல. டெட் சென்டர, அதான் பிஸ்டன் கோடிக்குப் போய்த் திரும்புற இடத்த, தாண்ட வேகம் வேணும்ல. இரும்புல பெருசா கடைஞ்சு மாட்டு, ஓடும்.

பழைய_பிட்டர்:
ஃபைல் (அரம்) புடிக்கத் தெரியாது, நேரா எஞ்சின்! எங்க எஸ்டேட் ஸ்டோர்ல ஃபைல் புடிச்சுக் கை காய்ச்சப்புறம்தான் லேத் பக்கமே விடுவாங்க. சிலிண்டர் முகத்துல மை தடவி, அது உரசி ஆடுற ஓட்டை போட்ட பிளேட்டோட ஒட்டிப் பாத்தியா? பாத்திருக்க மாட்டே.

மோட்டோக்காரன்:
பிஸ்டனுக்கு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போடு, கசிவு நிக்கும்.

பழைய_பிட்டர்:
ஓ-ரிங்கா? இத்தனூண்டு எஞ்சினுக்கு அந்த உராய்வே எமன். நல்லா லேப் பண்ணுன (பொடி போட்டுத் தேய்ச்சு வழவழப்பாக்குன) பிஸ்டனுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

மோட்டோக்காரன்:
1885ல மலாயாவுல தைப்பிங்லருந்து போர்ட் வெல்டுக்கு ஓடுன ரயில் ரிங் இல்லாமலா ஓடுச்சு? அதுவும் இதே எஞ்சின்தானே.

பழைய_பிட்டர்:
ரயில் எஞ்சின்ல சிலிண்டர் அசையாது, வால்வு தனி. ஆடுற சிலிண்டர் கப்பல் சமாச்சாரம். கிரேட் ஈஸ்டர்ன் கப்பலோட துடுப்புச் சக்கரத்த சுத்துனது அதுதான். தெரியாம பேசாதே.

சிப்புட்_பையன்:
3 பார். சிலிண்டர் பித்தளை, பிஸ்டன் இரும்பு. ஓட்டை எல்லாம் 4 எம்எம், அந்த டிரில் பிட்டுதான் கையில இருந்துச்சு. படம் அப்புறம், மில்லுல ஷிப்ட்டு.

செம்பனைக்காடு:
அங்கதான் எனக்கு சந்தேகம். கிராங்க் ஆரம், பிவட்டுக்கும் (சிலிண்டர் ஆடுற ஆணி) கிராங்க் நடுவுக்கும் உள்ள தூரம், பிவட்லருந்து சிலிண்டர் ஓட்டை தூரம், மூனையும் சொல்லு.

சிப்புட்_பையன்:
8, 40, 16 எம்எம்.

செம்பனைக்காடு:
8ஐ 40ஆல வகுத்தா 0.2. அத 16ஆல பெருக்கு, 3.2. உன் சிலிண்டர் ஓட்டை பக்கத்துக்கு 3.2 எம்எம்தான் ஆடும், பிளேட் ஓட்டை ரெண்டும் நடுவுலருந்து அந்தத் தூரத்துல இருக்கணும். டெட் சென்டர்ல ரெண்டுமே அடைபட்டு நிக்கணும். நீ போட்ட 4ல ரெண்டு பக்கமும் 0.8 திறந்தே கிடக்கும், வர்ற காத்து அப்படியே வெளிய ஓடிடும். 3 எம்எம்னா 0.2 மிச்சம் இருக்கும். சக்கரத்த டெட் சென்டர்ல நிறுத்தி வெளிவாய்ல விரல வையி, காத்து அடிச்சா இதேதான். பிளேட்ட மட்டும் மாத்துனா பத்தாது. சிலிண்டர் ஓட்டையிலயும் பித்தளைத் துண்ட வச்சு சாலிடர் பண்ணி, 3ல திரும்பத் துளை. அப்புறம் முகத்த லேப் பண்ணு. ஸ்பிரிங் தொளதொளன்னு இருந்தாலும் சிலிண்டர் தூக்கிக்கும், அதையும் பாரு.

பழைய_பிட்டர்:
முகத்தப் பாருன்னு நான் அப்பவே சொன்னேன்.

மோட்டோக்காரன்:
நீங்க மை தடவச் சொன்னீங்க. ஓட்டையப் பத்தி எங்க சொன்னீங்க?

சிப்புட்_பையன்:
ரெண்டும் 3 ஆக்கிட்டேன். சுத்துது! ஆனா ரிவர்ஸ்ல. நன்றிண்ணே.

செம்பனைக்காடு:
ஹோஸ கழட்டி மத்த ஓட்டையில மாட்டு, திரும்பிடும்.

கனச்சக்கரம்:
ஃப்ளைவீலையும் மாத்தியிருந்தா இன்னும் நல்லா சுத்தும்.