மழை மலையில் மான் வேட்டை: எந்த மழைக்கோட்டு வாங்கலாம்?

வணக்கம் மக்களே. நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறேன். வரும் ஏப்ரலில், செம்மான்கள் கத்தும் பருவத்தில், தென் தீவின் மேற்குக் கரை மலைகளுக்கு ஆபீஸ் நண்பர்களோடு வேட்டைக்குப் போகிறேன். பெர்மிட் வாங்கியாச்சு, உடுப்பில்தான் மண்டை காய்கிறது.

போன வருஷம் மலிவான மழைக்கோட்டோடு போய்ப் பட்டது போதும். வெளியே மழை, உள்ளே வியர்வை. ஏற்றத்தில் நின்று ஜிப்பைத் திறந்தால் ஆவி பறந்தது. அதைவிடக் கொடுமை அதன் சத்தம். கையை அசைத்தால் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவது மாதிரி. அறுபது மீட்டரில் நின்ற மான் காதைத் திருப்பியது, அவ்வளவுதான், புதருக்குள் போய்விட்டது.

கோர்டெக்ஸ் (மழையை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை வெளியே விடும் துணி) ஜாக்கெட் நல்லதுதான், ஆனால் சரசரக்கும். மேலே ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) வைத்த ஜாக்கெட் சத்தம் போடாது, ஆனால் நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது. மூன்று நாள் விடாத மழைக்கு எது தாங்கும்? உள்ளே மெரினோ கம்பளி பனியன். நனைந்தாலும் சூடு தரும், அதில் சந்தேகமில்லை.

அடுத்தது கேமோ, அதாவது சுற்றுப்புறத்தோடு கலந்து மறைக்கும் திட்டுத்திட்டான டிசைன் போட்ட உடுப்பு. மானுக்கு ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும், நீலம்தான் பளிச்சென்று தெரியும். அதனால் ஆரஞ்சு கேமோ சட்டையே எடுக்கலாம் என்றிருக்கிறேன்; இன்னொரு வேட்டைக்காரர் என்னை மானென்று நினைத்துவிடக் கூடாதே! (பச்சை கேமோவை வீடியோ காலில் பார்த்த அம்மா, "பட்டாளத்துல சேர்ந்துட்டியாடா?" என்றார்.) கீழே சாதாரணப் பச்சை பேன்ட் போதுமா? பட்ஜெட் 600 டாலர். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.