ஈமாக்ஸ் மியூ4இ: பதிப்புகள் பொருந்தவில்லை என்ற பிழை

கேள்வி:
இயங்குதளத்தைப் புதுப்பித்ததிலிருந்து, ஈமாக்ஸ் உரைத்திருத்திக்குள் அஞ்சல் படிக்க உதவும் மியூ4இ (mu4e) திறக்க மறுக்கிறது. அதன் பின்னால் இயங்கும் அஞ்சல் தேடல் நிரலான மியூவின் (mu) சர்வர் 1.12, மியூ4இ 1.8 என்கிறது பிழைச்செய்தி. முனையத்தில் மியூ நன்றாகவே தேடுகிறது. என் அலுவல் அஞ்சல் முழுவதும் இதில்தான்; உதவுங்கள்.

பதில்:
இரண்டும் ஒரே மூலநிரலிலிருந்து வருபவை, பதிப்பு எண் ஒத்திருந்தாக வேண்டும். ஈமாக்ஸில் எம்-எக்ஸ் (M-x) அழுத்தி லொகேட்-லைப்ரரி (locate-library) கட்டளையைக் கொடுத்து மியூ4இ எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
யூஎஸ்ஆர்/லோக்கல் கோப்புறையைக் காட்டுகிறது.

மற்றொரு பதில்:
அப்படியானால் அது மூலநிரலிலிருந்து முன்பு நிறுவிய பிரதியாகத்தான் இருக்கும். ஈமாக்ஸ் நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான லோட்-பாத்தில் முன்னால் நிற்கும் கோப்புறையே வெல்லும். லிஸ்ட்-லோட்-பாத்-ஷேடோஸ் கட்டளையை இயக்குங்கள்; எந்தக் கோப்பு எதை மறைக்கிறது என்று அப்படியே காட்டிவிடும். இவ்வளவு அருமையான கட்டளையைப் பலர் அறியாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பழைய கோப்புறையை .இஎல்சி (தொகுக்கப்பட்ட நிரல்) கோப்புகளோடு நீக்கிவிட்டு ஈமாக்ஸை முழுதாக மூடித் திறங்கள். நினைவகத்தில் ஏறிய பழைய நிரல் தானாக வெளியேறாது.

மியூவின் தரவுத்தளம் பழையது என்று வந்தால் முனையத்தில் மியூ இனிட், பிறகு மியூ இண்டெக்ஸ் கட்டளைகளைக் கொடுங்கள். அஞ்சல்கள் மெயில்டிர் என்ற அஞ்சல் கோப்புறையில் பத்திரமாக இருக்கும், தேடல் அட்டவணை மட்டுமே புதிதாகும். இனிட் கொடுக்கும்போது உங்கள் முகவரிகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேட்டவர்:
திறந்துவிட்டது, மிக்க நன்றி! ஷேடோஸ் பட்டியலில் ஆர்க் (ஈமாக்ஸில் குறிப்பெடுக்கவும் திட்டமிடவும் உதவும் பொதி) கோப்புகளும் தெரிகின்றனவே?

மற்றொரு பதில்:
ஆர்க்கைத் தனியாகவும் நிறுவியிருந்தால் அப்படித்தான் வரும். அதைத் தொடாதீர்கள்.