தாலிக்குத் தங்கம் வாங்கியவள் இப்போது புதுமைப் பெண் விண்ணப்பம் ஏற்றுகிறேன்

2014-இல் எனக்குக் கல்யாணம். டிகிரி முடித்திருந்ததால் அரசின் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் வரவேண்டும். வந்தது, என் மகன் தவழ ஆரம்பித்த பிறகு. அந்த அரைப் பவுன் தாலியில் ஏறவே இல்லை. இரண்டு முறை அடகுக்கடைக்குப் போய் மீண்டது, மூன்றாம் முறை போனது மூழ்கிவிட்டது.

இப்போது ஒரு கலைக் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அதே திட்டத்தை 2022-இல் மாற்றிப் புதுமைப் பெண் ஆக்கினார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் மேலே படித்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். விண்ணப்பங்களை ஏற்றுவது என் பொறுப்பு. முதல் வருஷம் முழுக்க இனிஷியலோடுதான் மல்லுக்கட்டு. ஆதாரில் ஓர் எழுத்து, எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவில் வேறு எழுத்து, பாஸ்புக்கில் எழுத்தே இல்லை.

திட்டத்தால் என்ன பலன் என்று யாராவது கேட்டால் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் எல்லோரும் நீட்டுகிறோம். எனக்கு அதில் திருப்தி இல்லை. கணிதம் படித்த ஒரு பெண், பணம் வந்ததும் தேர்வுக் கட்டணத்துக்கு எடுத்து வைப்பாள். ஏடிஎம் அட்டை எப்போதும் அவளுடைய ஃபோன் உறைக்குள் இருக்கும். திட்டத்தின் விளம்பரத்துக்கே அவளைப் படம் எடுக்கலாம். ஆனால் அவள் பணம் வராவிட்டாலும் படித்திருப்பாள், அப்படி ஒரு பிடிவாதக்காரி.

இன்னொருத்தியின் அட்டை அவள் அப்பாவிடம். ஒரு மாதம் பணம் தாமதமானதும் அவரே நேரில் வந்துவிட்டார். "காசு வருதுன்னுதான் மேடம் அனுப்புறேன். நின்னுச்சுன்னா நானும் நிறுத்திருவேன்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்புறம் யோசித்தால், திட்டம் உண்மையில் அசைத்தது இந்த மனிதரைத்தான். அந்த ஆயிரம் இல்லையென்றால் அவர் மகள் இந்நேரம் எங்கே இருப்பாள்?

எங்கள் அப்பாவும் இப்படித்தான். 1989-இல் அந்தத் திருமண உதவித் திட்டம் 5,000 ரூபாயோடு தொடங்கியபோதே எட்டாவது படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள், பிறகு அது பத்தாவது ஆனது. "பத்தாவதாச்சும் முடி, கல்யாணத்துக்குப் பணம் வரும்" என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட வசனம். கல்யாணத்துக்குக் காசா என்று அதைக் கிண்டலடிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

பலனைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதும் லேசில்லை. 2021-இலேயே சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் வந்துவிட்டது. அதே ஆண்டு பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் வந்தது. ஒரு பெண் கல்லூரிக்கு வந்தது எதனால் என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்து ஓரளவு நியாயமான ஒப்பீடு அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள்தான். 2024 கடைசியில்தான் அங்கே தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். அதற்கு முன் பெரியப்பா மகளும் சித்தப்பா மகளுமாக இரண்டு பேர் ஒன்றாக என் மேசைக்கு வந்தார்கள். ஒரே தெரு, ஒரே பேருந்து, ஒருத்திக்கு மட்டும் பணம். இல்லை என்று நான் சொன்னதும் மற்றவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். இப்படிப்பட்ட ஜோடிகளைத் தேடிப் பிடித்து, யார் படிப்பை முடித்தார்கள், எந்த வயதில் கல்யாணம், சம்பளம் யார் கையில் என்று பத்து வருஷம் கழித்துக் கேட்கவேண்டும்.

2022-இல் சேர்ந்தவர்கள் மூன்று வருஷப் படிப்பை 2025-இல்தான் முடித்தார்கள். அந்த அப்பா மகளோடு டிசி வாங்க வந்தார்.

"எம்.எஸ்சி. சேத்தா இது வருமா மேடம்?"

"வராதுங்க, முதுகலைக்குக் கிடையாது."

கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றைக்கு என்று கேட்டு, டிசி உறையின் மேலேயே தேதியை எழுதிக்கொண்டார்.