பத்துமலையில் துணி போதாது, சன்வேயில் துணி கூடாது

கிள்ளான்வாசி:

போன மே மாதம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அத்தை குடும்பம் வந்திருந்தது. அத்தை, மாமா, அவர்கள் மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன். எங்கள் வீட்டில் நான், மனைவி, பதினான்கு வயது மகள். எட்டுப் பேரை என் மைவி காருக்குள் அடைத்தால் போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் அத்தையே என்னைப் பிடித்துவிடுவார். அதனால் ஒரு சுற்றுலா ஏஜென்ட்டிடம் தனி வேன் எடுத்தோம். ஒரே நாளில் கோலாலம்பூர் நகரம், கூடவே சன்வே லகூன் தண்ணீர்ப் பூங்கா. வேனுக்குப் பத்து மணி நேரத்துக்கு 650 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), தாண்டினால் மணிக்கு 60. டிக்கெட் தனி.

ஏஜென்ட் அனுப்பிய பட்டியலில் பதினோரு இடங்கள் இருந்தன. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. அதில் பாதி வேன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிற இடம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. "இரட்டைக் கோபுரம்" என்று போட்டிருந்தால் கீழே நின்று படம் எடுப்பது என்று பொருள். 41ஆம் மாடிப் பாலத்துக்கும் 86ஆம் மாடிக்கும் போக வேண்டுமானால் நேரம் குறித்த டிக்கெட்டை நாமே முன்கூட்டி வாங்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கே இது உறைக்கவில்லை. சொந்த ஊரை நாம் எப்போது டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறோம்!

காலை ஏழரைக்கு வேன் வந்தது. டிரைவர் நம்மவர்தான், ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்: "அண்ணே, நீங்க இருக்கிறது கிள்ளான். சன்வே போற வழியிலேயே இருக்கு. முதல்ல பத்துமலைக்கு ஓடிட்டு, பத்து மணிக்கு சன்வே கதவு திறக்கும்போது வந்துரலாம். டவுன்லாம் சாயங்காலம் பார்க்கலாமே?"

நான் பட்டியலைக் காட்டினேன். பட்டியலில் சன்வே கடைசி. பணம் கொடுத்து வாங்கிய பட்டியல் ஆயிற்றே, அதை மீறலாமா? அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேனை எடுத்தார். அந்த நாளில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். காலை எட்டு மணிக்கே செய்து முடித்துவிட்டேன்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் சன்வே பக்கம் கடக்கும்போது டிரைவர் கையைக் காட்டிச் சொன்னார்: "இந்தப் பக்கமெல்லாம் ஈயம் தோண்டின குழிங்க. சுங்கை வேங்கிற பேர்தான் சன்வே ஆச்சு." மாமா ஊரில் சுண்ணாம்புக் குவாரியில் வேலை பார்த்தவர். குழி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தோண்டின குழியை என்ன செஞ்சாங்க?" "தண்ணி விட்டு டிக்கெட் போட்டுட்டாங்க மாமா" என்றாள் என் மகள்.

சாலை ஜேமில் ஊர்ந்து, பத்துமலை சேர ஒன்பதாகிவிட்டது. 140 அடி முருகனைக் கண்டதும் அத்தை வேனுக்குள்ளிருந்தே கும்பிட்டார். 272 படி. 2018இல் வண்ணம் பூசியதிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்குப் படிதான் முருகனைவிடப் பெரிய ஈர்ப்பு; நிற்க இடமில்லை. படியடியில் என் மகளை நிறுத்திவிட்டார்கள். சன்வேக்குப் போகிற நினைப்பில் முட்டிக்கு மேலே நிற்கும் காற்சட்டை போட்டு வந்திருந்தாள். அங்கேயே வாடகைக்குக் கைலி கொடுக்கிறார்கள், வாங்கிச் சுற்றிக்கொண்டாள். அத்தை படியேறும் வழியெல்லாம் "பொம்பளைப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நூறாவது படிக்கு மேல் முணுமுணுக்க மூச்சு இல்லை. இறங்கும்போது அர்ச்சனைப் பையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு உருவிக்கொண்டு போனது. பேரனுக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்தது அதுதான், இன்றுவரை.

அரண்மனை வாசலில் குதிரைக் காவலரோடு படம். மெர்டேகா சதுக்கத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. 1957இல் இங்கேதான் யூனியன் ஜாக்கை இறக்கினார்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள் எல்லாரும் வேனுக்குள் ஏறிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. இரட்டைக் கோபுரத்தில் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்தது பத்து நிமிடம், அங்கே போய்வர ஜேமில் உட்கார்ந்தது ஒன்றேகால் மணி நேரம்.

சன்வே சேர்ந்தபோது மூன்று மணி. பூங்கா மூடுவது ஆறு மணிக்கு.

கவுண்டரில் என் மனைவி சும்மா விலைப் பலகையைப் பார்த்தார். ஐசி (மலேசிய அடையாள அட்டை) உள்ளவர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. ஏஜென்ட் எங்கள் எட்டுப் பேருக்கும் வெளிநாட்டு விலையிலேயே டிக்கெட் எடுத்து எங்களிடம் காசு வாங்கியிருந்தார். எங்கள் மூன்று பேரிடமும் ஐசி இருக்கிறது. போன் போட்டுக் கேட்டால் "பேக்கேஜ் விலை சார், பிரிக்க முடியாது" என்றார். வாசலில் நின்று சண்டை போட எனக்கும் நேரமில்லை. மூன்று மணி நேரத்தில் பத்து நிமிடத்தை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

அடுத்த சிக்கல் அத்தை. "தண்ணீர்ல இறங்குறவங்க இறங்குங்க, நான் சேலையைத் தூக்கிக்கிட்டுக் காலை நனைச்சுக்கிறேன்" என்றுதான் வந்தார். பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கக்கூடாது, நீச்சல் உடை வேண்டும் என்றார்கள். சேலைக்கு வழியே இல்லை. காலையில் கைலி கட்டிய என் மகள் இப்போது அத்தையைக் கடைக்குக் கூட்டிப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பியபோது அத்தை, மலாய்ப் பெண்கள் போடுவார்களே, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் மூடிய நீச்சல் உடை, அதில் இருந்தார். கறுப்பு, பக்கவாட்டில் ஊதாக் கோடு. மாமா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அத்தை மட்டும், "சேலையைவிட இது தேவலை. இடுப்புகூடத் தெரியலை பாரு" என்றார்.

மாமாவுக்கு முட்டி வலி. படி ஏறவில்லை, தண்ணீரிலும் இறங்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு தொங்குபாலத்தில் நடந்தேன். 428 மீட்டர். நடுவில் நின்று கீழே பார்த்தால் அது வெட்டி எடுத்த குழிதான் என்பது நன்றாகவே தெரியும். மின்படியில் இறங்கித்தானே உள்ளே வந்தோம். மாமா சுற்றிலும் பாறைச் சுவரைப் பார்த்தார். "வெடி வச்சு எடுத்திருக்காங்க" என்றார். குவாரிக்காரர் கண். கீழே அலைக்குளத்தில் ஊதாக்கோட்டுக் கறுப்புப் புள்ளி ஒன்று, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் குதித்துக்கொண்டிருந்தது.

மூன்றே முக்காலுக்கு வானம் கறுத்தது. முதல் இடி கேட்டதுமே விசில். எல்லாரும் தண்ணீரைவிட்டு வெளியே. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, மின்னல் என்றால் மின்னல்தான். மே மாதத்தில் கோலாலம்பூரில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வருவது நம் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் தண்ணீர்ப் பூங்காவை மூன்று மணிக்கு வைத்திருந்தேன். ஒன்றே கால் மணி நேரம் கூரைக்கடியில் துண்டு போர்த்திக்கொண்டு நின்றோம். மறுபடி திறந்தபோது ஐந்து. கடைசியில் தண்ணீரில் இருந்தது எல்லாம் கூட்டினால் ஒன்றரை மணி நேரம் இருக்குமா?

ஆறேகாலுக்கு வேன் நிறுத்துமிடத்தில், பத்து மணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது. அத்தை காலையில் கட்டி வந்த புளியோதரை உள்ளே அனுமதி இல்லாததால் வேனிலேயே கிடந்தது. பின்கதவைத் திறந்து வைத்து, ஈரத் தலையோடு, டிரைவருக்கும் ஒரு இலை போட்டுச் சாப்பிட்டோம். அவர் ஓவர்டைம் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

நகரமும் தண்ணீர்ப் பூங்காவும் ஒரே நாளில் போனவர்கள் இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள்.

செந்தூல் அக்கா:

தம்பி, வேன் காசைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நாங்கள் தங்கச்சி குடும்பத்தோடு கேடிஎம் ரயிலில் போனோம். பத்துமலைக்கு ரயில் நிலையம் வாசலிலேயே இருக்கிறது. அங்கிருந்து கேஎல் சென்ட்ரல் நிலையம், அங்கே மாறி கிள்ளான் துறைமுகம் போகிற ரயிலில் செத்தியா ஜெயா, அங்கிருந்து உயரத்தில் ஓடுமே அந்த பிஆர்டி பஸ், சன்வே லகூன் என்றே ஒரு நிறுத்தம். ஜேம் என்ற பேச்சே இல்லை.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திரும்பும்போது ரயில் ஒன்றைத் தவறவிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்தோம். தங்கச்சியின் மூன்று வயதுப் பிள்ளை என் தோளில் தூங்கிப்போனான், ஈரத் துணி மூட்டை இன்னொரு தோளில். அந்த நேரத்தில் எவனாவது வேனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் 650 என்ன, கேட்டதைக் கொடுத்திருப்பேன். பெரியவர்கள், கைப்பிள்ளை இருந்தால் வேன்தான். இளசுகள் மட்டும் என்றால் ரயில்.

பினாங்கு பையன்:

எங்கள் ஊரிலும் இதே கதைதான். சென்னையிலிருந்து வந்த நண்பர்களுக்குத் தனிக் கார் பிடித்து கெக் லோக் சி கோயில், பினாங்கு மலை, தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பூங்கா என்று மூன்றையும் ஒரே நாளில் திணித்தோம். எஸ்கேப்பில் 1,111 மீட்டர் நீளச் சறுக்குக்குழாய் இருக்கிறதே, உலகிலேயே நீளமானது என்று 2019இல் கின்னஸில் ஏறியது, அதற்காகத்தான் போனதே. மேலே போகத் தொங்கு நாற்காலிக்கு வரிசை, வரிசை, வரிசை. எல்லாருக்கும் ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது. மலையை மறுநாளுக்குத் தள்ளினோம், கோயிலை வண்டியிலிருந்தே பார்த்தோம். பூங்கா இருக்கிற நாளில் வேறு ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை.

வேன்காரன்:

நான் இருபது வருஷமாக வேன் ஓட்டுகிறேன். கிள்ளான்வாசி அண்ணன் சொல்கிற டிரைவர் நானில்லை, ஆனால் அந்தத் தோள் குலுக்கல் எனக்குத் தெரியும். பட்டியலை எழுதுகிறவர் ஆபீசில் குளிர்சாதனத்தில் உட்கார்ந்து எழுதுகிறார். இடங்கள் அதிகமாக இருந்தால்தான் விற்கும். பூங்காவைக் கடைசியில் போட்டால், நேரம் போதாவிட்டால் வெட்டுப்படுவது பூங்காதான், அவருடைய பத்து இடமும் பத்திரமாக இருக்கும்.

என்னிடம் நேராகக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. பத்துமலையில் காலை ஏழு மணிக்கெல்லாம் படி ஏறலாம். வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. எட்டரைக்கு இறங்கினால் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ. பத்து மணிக்குப் பூங்கா வாசல். இரண்டு மணிக்கு வானத்தைப் பாருங்கள், மேகம் திரண்டால் வெளியே வந்துவிடுங்கள். மழையில் சாப்பாடு, மழை விட்டதும் அரண்மனை. இரட்டைக் கோபுரத்தை விளக்கு போட்ட பிறகு, ஏழரைக்கு மேல் பாருங்கள். பகலில் பார்த்தவர்கள் ராத்திரி மறுபடி கேட்கிறார்கள், ராத்திரி பார்த்தவர்கள் பகலில் கேட்பதில்லை. மாடிக்கு ஏற ஆசைப்பட்டால் திங்கட்கிழமை வேண்டாம், மூடியிருக்கும்.

இப்படிப் போனால் பத்து மணி நேரத்தில் அடங்காது. அதனால் வேன் எடுக்கும்போதே பன்னிரண்டு மணி நேரத்துக்கு விலை பேசுங்கள், ஓவர்டைமாகப் போனால் கூடத்தான் வரும். நேரம் எங்கிருந்து ஆரம்பம் என்பதையும் கேளுங்கள். சில ஆபீஸில் வேன் அவர்கள் இடத்தைவிட்டுக் கிளம்பும் நிமிடத்திலிருந்து கணக்கு. கிள்ளான் மாதிரி தள்ளி இருந்தால் முக்கால் மணி நேரம் அங்கேயே போச்சு. டோல், பார்க்கிங் உள்ளடக்கமா என்பதும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. டிரைவர் வேறு, வழிகாட்டி வேறு. வழிகாட்டிக்குத் தனி உரிமம் உண்டு, கழுத்தில் அட்டை தொங்கும். நாங்கள் கதை சொல்வதெல்லாம் வேனுக்குள்தான். இறங்கியதும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புளியோதரை கொடுத்த அத்தைக்கு ஒரு கும்பிடு. பாதிப் பேர் நாங்கள் சாப்பிட்டோமா என்றுகூடக் கேட்பதில்லை.

செந்தூல் அக்கா:

கிள்ளான்வாசி தம்பி, அத்தை அந்த நீச்சல் உடையை என்ன செய்தார்? அது ஒன்றும் மலிவு இல்லையே.

கிள்ளான்வாசி:

119 வெள்ளி அக்கா. உங்களிடமே விட்டுவிட்டுப் போகிறேன் என்றார், கிளம்பும் அன்று பார்த்தால் பெட்டியில் முறுக்குக்கு மேலே மடித்து வைத்திருந்தார். போன வாரம் வீடியோவில் பேசும்போது அவர் பின்னால் கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தது, ஊதாக் கோடு தெரிந்தது. கேட்டால், திருச்செந்தூர் போய்க் கடலில் முங்கிவிட்டு வந்தார்களாம். "முருகனைப் பார்க்குறதுக்கு முன்னாடியே சேலைக்கு மாறிட்டேன், உன் மககிட்ட சொல்லு" என்றார்.