லீஸ்ட் லைன் கதைகள்: மலையேறி இறங்கினவங்க வாங்க

மஸ்கெலியாக்காரன்:

நம்மள்ல நாலஞ்சு பேராவது லீஸ்ட் லைன், அதாவது ஒரு ஆபிசுக்குன்னே வாடகைக்கு எடுக்கிற டேட்டா லைன், மாட்டுறேன்னு மலை ஏறி இறங்கினவங்க இருக்கோம். என் கதையை முதல்ல போட்டுடுறேன்.

ஹட்டன் டவுன்ல ஒரு ஆபிஸ். கொழும்போட பேச ஈ1ங்கிற செக்கனுக்கு 2 மெகாபிட் டிஜிட்டல் லைன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருந்து செம்புக் கம்பி வந்து என்டியூ பெட்டியில (லைன் வந்து முடியுற பெட்டி) ஏறும், பெட்டியில இருந்து ரவுட்டருக்கு ஒரு வயர். அவ்வளவுதான் வேலை. மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டு ரொட்டியும் சம்பலும் சாப்பிடலாம்னு போனேன். விளக்கெல்லாம் பச்சை, கொழும்புக்குப் பிங்கும் (பதில் வருதான்னு பார்க்கிற சின்னச் சோதனை) போகுது. ஆனா பெரிய பைல் அனுப்பினா இழுக்குது, ரவுட்டர்ல பிழைக் கணக்கு ஏறிக்கிட்டே இருக்கு. வெளியில மழை ஊத்துது. மழையில வயர் நனைஞ்சிருக்கும்னு ஆபிஸ்காரர் சொன்னாரு, லைன் தந்தவங்களும் அதையே சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். ரெண்டு நாள் வெயிலுக்காகக் காத்திருந்தோம். ஜூலை மாசம் ஹட்டன்ல வெயிலுக்குக் காத்திருந்த ஆள் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

மூணாம் நாள் வேற வேலை இல்லாம அந்தக் கணக்கு ஏறுறதையே பார்த்துக்கிட்டிருந்தேன். கைக்கடிகாரத்தை வச்சு எண்ணினா 25 செக்கனுக்கு ஒண்ணு. அடுத்ததும் 25 செக்கன். அதுக்கடுத்ததும். மழைக்கு எங்கடா இவ்வளவு ஒழுங்கு?

கிளாக்தான் கோளாறு, அதாவது பிட்டுகளை எந்த வேகத்துல அனுப்பணும்னு தாளம் போடுறது. ஈ1ல டேட்டா பிரேம்னு கட்டுக்கட்டாப் போகும், செக்கனுக்கு 8000 பிரேம், ஒரு பிரேம் 256 பிட். எக்ஸ்சேஞ்ச் தன் கிளாக்ல வாங்குது, என் ரவுட்டர் தன் சொந்தக் கிளாக்ல அனுப்புது. திருவிழாவுல தப்படிக்கிற ரெண்டு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காம அடிச்சா எப்படி இருக்கும்? பத்து லட்சத்துக்கு 5 பங்கு வேகம் மாறினாலே செக்கனுக்குப் பத்துப் பிட் பிசகும், 25 செக்கன்ல ஒரு முழு பிரேம் காணாமப் போகும். ஸ்லிப்னு சொல்றது அதைத்தான். ரவுட்டர்ல கிளாக்கை ‘இன்டர்னல்’ல இருந்து ‘லைன்’னு மாத்தினேன், ஒரே ஒரு வரி. அதுக்கப்புறம் பிழைக் கணக்கு அசையல. ஆபிஸ்காரர் “பாத்தீங்களா, மழை விட்டதும் சரியாயிருச்சு”ன்னாரு. நான் மறுக்கல.

ஹப்புத்தளைக் காத்து:

அண்ணே, நீங்க லூப் போட்டு, அதாவது அனுப்புறதை அப்படியே திருப்பி விட்டுப் பார்க்கவே இல்லையா? எங்க பெரியவர் கண்ணை மூடிக்கிட்டே கேக்கிற முதல் கேள்வி அதுதான். பழைய ஆர்ஜே45 தலை (நெட்வொர்க் வயர் முனையில வர்ற பிளக்) ஒண்ணுல 1ஆம் பின்னை 4க்கும் 2ஐ 5க்கும் கட்டி வச்சிருப்போம். ரவுட்டர்ல சொருகினா அது அனுப்பினது அதுக்கே திரும்பி வரும். ரவுட்டர் நல்லா இருக்கா, அடுத்தது பெட்டி. பெட்டியும் நல்லா இருக்கா, எக்ஸ்சேஞ்சில இருக்கிறவருக்கு போன் போட்டு அங்கிருந்து லூப் போடச் சொல்லு.

என் மானம் போனதும் அந்த லூப்பாலதான். கீழ ஒரு தோட்டத்து ஆபிஸ். எக்ஸ்சேஞ்ச்காரர் லூப் போட்டாரு, லைன் சுத்தமா இருந்துச்சு, கடைசி பஸ் ஹோர்ன் அடிக்கிற சத்தம் கேட்டு ஓடிட்டேன். டவுனுக்கு வந்து இறங்கினா ஆபிஸ் கிளாக்கர் போன்ல: “தம்பி, வெளக்கெல்லாம் எரியுது, ஒரு மெயில்கூட போகல.” லூப்பை எடுக்கச் சொல்ல நான் மறந்துட்டேன், அவரும் ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாரு. ரவுட்டர்ல ‘அப்’னு போட்டிருந்ததைப் படிச்சேன், பக்கத்துலயே ‘லூப்டு’ன்னு இருந்ததைப் படிக்கல. அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்தத் தோட்டம் தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்துச்சு.

பதுளை அக்கா:

நான் அந்தப் பக்கம் இருந்த ஆள், போன்ல திட்டு வாங்குற பக்கம். எனக்கு மாட்டினது டைம்ஸ்லொட், ஈ1 லைனைப் பங்கு போட்ட 64 கிலோபிட் துண்டு. 512 கிலோபிட் லைன்னா 64 வீதம் 8 ஸ்லொட். லைன் பக்கம் 1ல இருந்து 8 வரைக்கும் திறந்து வச்சிருக்காங்க, எங்க பையன் ரவுட்டர்ல 31 ஸ்லொட்டையும் திறந்துட்டான். அலாரம் ஒண்ணும் இல்ல, டேட்டாவும் இல்ல. பெட்டியை மாத்து, வயரை மாத்துன்னு ஒன்றரை நாள் போச்சு. யாரும் ஓடர் போர்மை எடுத்துப் பார்க்கல.

பொகவந்தலாவ லயம்:

உங்க கோளாறெல்லாம் விசைப்பலகையில தீர்ந்துபோச்சு. என்னுது கருகிப்போச்சு. டீ பெக்டரியில என்டியூ, அறுபது எழுபது மீட்டர் தள்ளி ஆபிஸ்ல ரவுட்டர். நடுவுல 75 ஓம் கோஎக்ஸ் வயர், அதைச் சுத்தியிருக்கிற மேல்வலை ரெண்டு பக்கமும் எர்த். பெக்டரிக்கு ஒரு எர்த், ஆபிசுக்கு வேற எர்த். ஏப்ரல் மாசம் மூணு மணிக்கு மேல இடி எப்படி விழும்னு சொல்லத் தேவையில்ல. எங்கயோ மேட்டுல விழுந்ததுக்கு இங்க போர்ட் போச்சு. புதுசு போட்டோம், ஒக்டோபர்ல அதுவும் போச்சு. கழட்டின பெட்டியை மூக்குக்கிட்ட கொண்டுபோனா எரிஞ்ச பிளாஸ்டிக்கோட தேயிலை வாசம். மூடியைத் திறந்தா சலிப்பு அறையில பறக்கிற தேயிலைப் பஞ்சு, பூனை மயிர் மாதிரி விரல் கனத்துக்கு.

பாறையில எர்த் கம்பி ஒரு அடிக்கு மேல இறங்கல. கான் (வடிகால்) ஓரம் ஈரமண்ணுல செம்புப் பட்டையைப் படுக்கையாப் புதைச்சு, ரெண்டு எர்த்தையும் ஒண்ணாக் கட்டினோம். கோஎக்ஸைக் கழட்டிட்டு ரெண்டு பக்கமும் பாலன் (கோஎக்ஸையும் முறுக்கு ஜோடியையும் பொருத்துற சின்னத் துண்டு) போட்டு 120 ஓம் முறுக்கு ஜோடி இழுத்தோம். அதுக்கப்புறம் ரெண்டு வருசம் அந்தப் பக்கம் கூப்பிடல. தொரை மட்டும், கான் ஓரம் எதுக்குத் தோண்டினீங்கன்னு கேட்டாரு.

நானுஓயாத் தம்பி:

இதெல்லாம் இப்ப யாருக்கு? பைபர் வந்துருச்சே.

மஸ்கெலியாக்காரன்:

தம்பி, உன் போனுக்கு சிக்னல் தர்ற டவர் இருக்கே, அதுக்கும் கிளாக் வேணும். முந்தி அதே ஈ1ல இருந்து எடுத்துச்சு, இப்ப பைபர் வழியா நெட்வொர்க்ல இருந்தோ ஜிபிஎஸ்ல இருந்தோ எடுக்குது. பெட்டிதான் மாறிச்சு.

ஹப்புத்தளை, அந்த லூப் தலை இன்னும் வச்சிருக்கியா?

ஹப்புத்தளைக் காத்து:

வீட்டுச் சாவியோட தொங்குது அண்ணே. மகள் அது என்னன்னு கேக்கிறா, லூப்னு சொன்னா சிரிக்கிறா.