இடவளமா, கருவளமா?

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செவ்வாய்க் கோள் பற்றிய விளக்கப் பலகைகளைத் தமிழாக்கி வருகிறேன். நாளை மறுநாள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். செவ்வாயின் வளிமண்டலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி என்னும் கருவி அதைச் சுமார் 800 டிகிரி செல்சியஸில் மின்னாற்பகுத்து, 2021 ஏப்ரல் முதல் 2023 ஆகஸ்டு வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தது. இப்படிப் போன இடத்துப் பொருளைக் கொண்டே மூச்சுக்காற்றும், திரும்பிவர உந்துபொருளும் செய்துகொள்வதை ‘இன் சிட்டு ரிசோர்ஸ் யூட்டிலைசேஷன்’ என்கிறார்கள். ‘உள்ளூர் வளப் பயன்பாடு’ என்று எழுதி வைத்திருந்தேன். “செவ்வாயில் ஊர் ஏது?” என்று மகள் கேட்டதும் கை நின்றுவிட்டது.

கடலூர், மஞ்சக்குப்பம்:
அம்மா, மகள் கேட்டது நியாயம். ஒரு நிலத்துக்கே உரிய உணவு, மரம், தொழில் முதலியவற்றைத் தொல்காப்பியர் ‘கரு’ என்றார். ஆகவே ‘கருவளப் பயன்பாடு’ என்க. பூமியிலிருந்து சுமந்து செல்வதற்கும் சொல் இருக்கிறது. ஆறு என்பது வழி, உணா என்பது உணவு. வழிக்குக் கட்டிய சோறு ‘ஆற்றுணா’. கற்றவர்க்கு எந்நாடும் வேற்றுநாடன்று, ஆதலால் ஆற்றுணா வேண்டியதில்லை என்கிறது பழமொழி நானூறு. இந்த நுட்பத்துக்கே ‘ஆற்றுணாவின்மை’ என்று பெயரிட்டாலும் பிழையில்லை.

நெய்வேலி:
ஐயா, ஆற்றுணா என்றால் பிள்ளைகள் ஆற்று மீன் குழம்பு என்பார்கள். கருவளம் என்றால் மகப்பேறு மருத்துவமனைப் பலகை என்பார்கள். எங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி என்பதால் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் அருகிலேயே அனல்மின் நிலையம். செவ்வாயிலும் சிக்கல் சுமைதான். நால்வர் அங்கிருந்து கிளம்ப எரிபொருள் சுமார் 7 டன், அதை எரிக்க ஆக்சிஜன் சுமார் 25 டன் என்பது நாசாவின் மதிப்பீடு. பெரும்பங்கு ஆக்சிஜனே என்பதால் பலகையில் எங்கும் ‘எரிபொருள் தயாரிப்பு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்ததே உந்துபொருள். அங்குள்ள பனியைப் பகுத்த ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரியவைத்து மீத்தேனும் நீரும் பெறுவது, ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் பெயரால் வழங்கும் சபாத்தியே வினை. புதுச்சேரிக்காரர்களாவது அந்தப் பிரெஞ்சுக்காரரைச் ‘சபாட்டியர்’ ஆக்காமல் இருங்கள். தலைப்புக்கு ‘இடவளப் பயன்பாடு’ போதும்.

கடலூர், மஞ்சக்குப்பம்:
எந்த வளம்தான் ஓர் இடத்தில் இல்லாமல் இருக்கிறது? ‘அங்கேயே’ என்பதன் தேற்றேகாரம், அதாவது உறுதிப்பொருள் தரும் அந்த ‘ஏ’, இடவளத்தில் எங்கே போயிற்று? கருவளம் வேண்டாமென்றால் விடுங்கள், ‘அவ்’ என்று இடத்தைக் காட்டும் சுட்டாவது நிற்கட்டும்: ‘அவ்விடவளப் பயன்பாடு’.

புதுச்சேரி, முத்தியால்பேட்டை:
ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐவர் ‘இடவளப் பயன்பாடு’ என்கிறார்கள். அச்சகத்திலிருந்தும் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். அதையே கொடுத்துவிட்டு, கீழே ‘போன இடத்துப் பொருளைக் கொண்டே ஆக்கிக்கொள்ளுதல்’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

கடலூர், மஞ்சக்குப்பம்:
விளக்கத்தில் ‘கொண்டே’ என்று ஏகாரம் போடத் தெரிந்தவர்கள், தலைப்பில் இரண்டெழுத்துச் சுட்டுக்கு இடமில்லை என்கிறீர்கள். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.